எட்டுப் பேர் ஏறி ஐந்து பேர் இறங்கிய பேழை

அபிகாயில் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே தேநீர் இயந்திரத்தைப் பழுதாக்கினாள். பழுதாக்கினாள் என்று நான் சொல்கிறேன். அவளைக் கேட்டால், "அது ஏற்கெனவே பழுதுதான், நான் கண்டுபிடிச்சன்" என்பாள். சீனிப் பொத்தானையும் பால் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமத்தினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு அறிய வேண்டியிருந்தது. மூன்று வருடமாக அதில் தேநீர் குடித்த எங்களில் ஒருவருக்கும் அந்த ஆசை வந்ததில்லை.

எங்கள் தீவின் வடக்கே உள்ள திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஒன்பது பேர். நான் பிறேம், கணினி நிரல் எழுதுகிறவன். அபிகாயில் சோதிக்கிறவள், அதாவது நான் எழுதியதில் எங்கே ஓட்டை என்று தேடுவதற்கே சம்பளம் வாங்குகிறவள். மாமிக்கும் மருமகளுக்கும் ஒரே அடுப்பைக் கொடுத்தது போன்ற ஏற்பாடு இது. அதிலும் நான் கொஞ்சம் மூக்குக்கு மேலே கோபம் வருகிற ஆள்.

அவள் உடுப்பிட்டிக்காரி. மெதடிஸ்த குடும்பம். தகப்பன் நதானியேல் தபால் கந்தோரில் வேலை செய்தவர். எட்டு வயதில் அவள் தகப்பனுக்குத் தெரியாமல் முத்திரை எடுத்து மூன்று கடிதம் போட்டாளாம். முதலாவதில் ஆளின் பெயர் மட்டும், ஊர் இல்லை. இரண்டாவதில் பெயர் இல்லை, 'சிவப்புக் கேற் போட்ட வீடு, உடுப்பிட்டி' என்று மட்டும். மூன்றாவது உறையில் ஒன்றுமே எழுதவில்லை. சிவப்புக் கேற் வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்ற இரண்டையும் ஒரு மாதம் கழித்துத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "உனக்கென்ன விசரோ பிள்ளை?" என்று கத்தியிருக்கிறார். அவள் அழவில்லை. "இவ்வளவு நாளும் இது எங்கை இருந்ததப்பா?" என்று கேட்டாள். தகப்பனுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்ததாம். இந்தக் கதையை அவளே எனக்குச் சொன்னாள், அதுவும் தன் கெட்டித்தனத்தைக் காட்ட அல்ல. அந்த ஒரு மாதம் கடிதம் எங்கே கிடந்தது என்பது அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாது என்ற மனக்குறையில்.

ஞாயிறு பாடசாலையிலும் இதே தொல்லைதான். நோவாவின் பேழையில் எட்டுப் பேர் ஏறினார்கள் என்று ரீச்சர் படிப்பித்தார். நோவா, சேம், காம், யாப்பேத் என்று நான்கு பெயரைச் சொன்னதும் அவள் கையைத் தூக்கி, "மற்ற நாலு பேருக்கும் என்ன பேர்?" என்று கேட்டாள். அவர்கள் மனைவிமார், வேதத்தில் அவர்களுக்குப் பெயர் சொல்லப்படவில்லை என்றார் ரீச்சர். "பேர் இல்லாட்டில் எட்டுப் பேர் எண்டு என்னண்டு எண்ணினவை?" என்று இவள் விடவில்லை. அன்றைக்கு வகுப்பு நேரத்தோடு முடிந்துவிட்டது.

போன வைகாசியில் எங்களுக்குக் கொழும்புத்துறை மீனவர் சங்கம் ஒன்றின் வேலை கிடைத்தது. அது என் சொந்த ஊர். என் அண்ணை சிமியோனும் அந்தச் சங்கத்தில் ஒருவர். சங்கத்து வள்ளங்கள் இருட்டோடு களப்புக் கடலுக்குப் போய் விடிந்த பிறகு திரும்பும். சங்கக் குடிலில் மக்டலீன் அக்கா ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, யார் போனது யார் வந்தது என்று புள்ளடி போடுவார். அந்தக் கொப்பிக்குப் பதிலாக, 'ரப்' என்று எல்லோரும் சொல்லும் தொடுதிரைக் கணினி ஒன்றை அவர் கையில் கொடுப்பதுதான் எங்கள் வேலை. முந்தின நாள் பின்னேரம் வள்ளங்களைப் பதிந்தால், காலையில் கடலில் நிற்கிறவற்றின் பட்டியல் திரையில் வரும். திரும்பிய வள்ளத்தை அமத்தினால் அந்த வரி மறையும். பத்து மணிக்குப் பட்டியலில் ஒரு வரி மிஞ்சினாலும் எல்லோருடைய கைபேசிக்கும் எச்சரிக்கை போகும், தேடப் புறப்படுவார்கள். ஒன்றும் மிஞ்சாவிட்டால் ஒருவரும் தேடமாட்டார்கள். ஆகவே பட்டியல் பொய் சொல்லக்கூடாது. இது எனக்கு நன்றாகவே தெரியும்.

இங்கே ஜேசனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஆளின் பெயர் அல்ல. ஒரு கணினி இன்னொரு கணினிக்கு எழுதும் கடித முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சோடி சோடியாக வரும்: முதலில் ஒரு பெயர், பிறகு முக்காற்புள்ளி, பிறகு அந்தப் பெயருக்குரிய செய்தி. ரப்பும் பட்டியலை வள்ளத்தின் பெயரை வைத்து இப்படித்தான் அனுப்பும். கடிதத்தைப் பிரித்து, பெயருக்கு ஓர் அறையாகச் செய்திகளை அடுக்கி வைக்கும் நிரலைப் பார்சர் என்போம். உலகத்தில் நல்ல பார்சர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நானோ சொந்தமாக ஒன்று எழுதினேன். நூற்றிருபது வரி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பது எனக்காகவே சொன்னது.

அபிகாயில் அதை வாங்கி இரண்டு நாள் பேச்சு மூச்சில்லாமல் இருந்தாள். மூன்றாம் நாள் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"பிறேம் அண்ணை, ஒரு வள்ளம் பதிஞ்சன். காணேல்லை."

"என்ன பேர் போட்டனீர்?"

முன்னும் பின்னும் இரண்டிரண்டு கீழ்க்கோடு, நடுவில் 'புரோட்டோ'. எங்கள் நிரல்மொழியில் அது சாதாரணப் பெயர் அல்ல. ஒரு பொருள் தன் குணங்களை யாரிடமிருந்து பெறுகிறது என்று குறிக்கிற பெயர், கிட்டத்தட்ட அதன் தகப்பன் பெயர். அந்தப் பெயரோடு வந்த வள்ளத்துக்கு என் பார்சர் தனி அறை திறக்கவில்லை. பட்டியலின் தகப்பனை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. அடுத்ததாக 'கன்ஸ்ட்ரக்டர்' என்று ஒரு வள்ளத்தைப் பதியப் பார்த்தாள். அது எல்லாப் பொருளோடும் கூடப்பிறக்கும் பெயர் என்பதால், ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வந்தது. ஒருவரும் பதியாத வள்ளம்! அதற்கடுத்து வெறும் '7' என்று பெயர் போட்டாள். எண்களை முன்னுக்கு வைப்பது அந்த மொழியின் பழக்கம், கடைசியில் பதிந்த அந்த வள்ளம் பட்டியலின் தலைக்குப் போய் நின்றது.

"எந்தச் சம்மாட்டி தன்ரை வள்ளத்துக்குக் கீழ்க்கோடு போட்டுப் பேர் வைப்பான்?" என்று எரிந்து விழுந்தேன்.

"தெரியாது. அதுதான் பாக்கிறன்," என்றாள். அவள் முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை. கேலி இருந்திருந்தால் எனக்கு இன்னும் சுகமாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரத்துக்குள் மூன்றையும் திருத்திக் கொடுத்தேன். மனதுக்குள் அவளைத் திட்டியபடிதான். அடுத்த நாள் காலை இன்னொரு பிழைப் படிவம் வந்து கிடந்தது. எங்கள் படிவத்தில் மூன்று பெட்டிகள்: என்ன நடந்தது, எப்படி நடந்தது, இதுவரை யாருக்கு நடந்தது. முதல் பெட்டியில் அவள் எழுதியிருந்தாள்: 'பேழையில் ஏறியது எட்டுப் பேர். இறங்கியது ஐந்து பேர்.'

நோவா, சேம், காம், யாப்பேத் நால்வரையும் பெயரோடு பதிந்து, அவர்கள் மனைவிமாரைப் பெயர்ப் பெட்டியை வெறுமையாக விட்டுப் பதிந்திருந்தாள். பார்சருக்கு வெறுமையும் ஒரு பெயர்தான். நான்கு பெண்களும் ஒரே பெயரோடு வந்ததால் நான்கு பேரையும் ஒரே அறைக்குள் போட்டது. ஒருவர் மேல் ஒருவராக எழுதி, கடைசியாக வந்தவளை மட்டும் வைத்துக்கொண்டது. முணுமுணுப்புக்கூட இல்லை. மூன்றாவது பெட்டியில் அவள் ஒன்றும் எழுதவில்லை.

"உதென்ன, கடைசிப் பெட்டி வெறுமையாய்க் கிடக்கு?" என்றேன்.

"ஒருத்தருக்கும் நடந்ததாய் எனக்குத் தெரியேல்லை, அண்ணை. தெரியாததை என்னண்டு எழுதுறது?"

"ஒருத்தருக்கும் நடக்காததைப் பிழை எண்டு ஏன் போடுறீர்? உலகத்துப் பார்சர் முக்கால்வாசியும் உப்பிடித்தான் செய்யும்."

"சரி. ஆனால் மற்ற மூண்டு பொம்பிளையளும் எங்கை?"

எனக்கு வந்ததே கோபம். "நான் கொழும்புத்துறையிலை பிறந்து வளந்தவன். எங்கடை கரையிலை பேர் இல்லாமல் ஒரு வள்ளமும் இல்லை. அந்தோனியார், வேளாங்கண்ணி மாதா, கடல் ராணி... எல்லாத்துக்கும் பேர் இருக்கு. நீர் உடுப்பிட்டியிலை தோட்டத்தைப் பாத்து வளந்தனீர். உமக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?"

"அது உண்மைதான்," என்று சொல்லிப் போய்விட்டாள். நான் படிவத்தை மூடினேன். மூடும்போது காரணம் எழுத வேண்டும். 'நடைமுறையில் நேராது. பேழை இப்போது ஓடுவதில்லை' என்று எழுதினேன். பக்கத்து மேசைக் கோபிகா அதை வாசித்துச் சிரித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இத்தனைக்கும் அந்த மாதம்தான் அண்ணை புது வள்ளம் ஒன்று எடுத்திருந்தார். வீட்டில் எல்லோரும் அதைப் 'புதிசு' என்போம். புதிசு வந்திட்டுதோ, புதிசைக் கழுவியாச்சோ என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த வாயால்தான், பெயரில்லாத வள்ளமே கிடையாது என்று சொன்னேன்.

சோதனை ஓட்டம் திங்கட்கிழமை தொடங்கியது. வெள்ளி வரை மக்டலீன் அக்கா கொப்பியிலும் ரப்பிலும் இரண்டிலும் பதிந்தார். பிழை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை முதல் கொப்பியை மூடச் சொன்னது நான்தான்.

சனிக்கிழமை அபிகாயிலுக்கு விடுமுறை. அவள் தங்கியிருந்த அறை திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால். காலையில் ஒரு பஸ் ஏறி ரவுணுக்குப் போய், அங்கே இன்னொன்று மாறி, கொழும்புத்துறையில் இறங்கினாள். நான் மூடிய படிவத்தை எதிர்த்துப் போராட அல்ல. நான் சொன்னது அவளுக்குள் கிடந்து குடைந்ததாம்: கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதானே, போய்ப் பார்ப்போமே.

பத்து மணிக்கு என் கைபேசிக்குச் செய்தி வந்தது: 'எல்லா வள்ளமும் கரையில்.' அலுவலகத்தில் கைதட்டினோம். முதலாளி றோல்ஸ் வாங்குவித்தார். இரண்டாவது றோலைக் கடிக்கும்போது அண்ணியின் அழைப்பு.

"தம்பி, அண்ணை இன்னும் வீட்டை வரேல்லை. போனும் வேலை செய்யுதில்லை."

"கொம்பியூட்டரே சொல்லுது அண்ணி, வந்திட்டார் எண்டு. பாசையூர்ச் சந்தைப் பக்கம் இறங்கியிருப்பார்," என்றேன். அவரும் சமாதானமாகி வைத்துவிட்டார். அந்த வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதே நேரம் சங்கக் குடிலில் அபிகாயில் மூடிக் கிடந்த கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதையும் புரட்டாமல் இருக்க முடியாது. பழைய பக்கங்களில் சில இடங்களில் திகதியும் சம்மாட்டியின் பெயரும் நீல மையில் இருந்தன, வள்ளத்தின் பெயர் மட்டும் கறுப்பில் அல்லது சிவப்பில் இருந்தது.

"அக்கா, பேரை மட்டும் ஏன் வேறை மையிலை எழுதினனீங்கள்?"

"அது பிறகு எழுதினது, பிள்ளை. சுவாமியார் வந்து மந்திரிக்க முந்தி வள்ளத்துக்குப் பேர் சொல்லக்கூடாது. ஞானஸ்நானம் குடுக்க முந்திப் பிள்ளைக்குப் பேர் வைக்கிறதே? எங்கடை கரையிலை புது வள்ளமெல்லாம் அந்தோனியார் திருநாளிலைதான் மந்திரிக்கிறது. அதுவரைக்கும் இடம் விட்டு வைப்பன்."

"ரப்பிலையும் அப்பிடித்தான் விட்டனீங்களோ?"

"ஓம். அது ஒண்டும் பறையேல்லை. வாங்கீட்டுது."

"இப்ப பேர் இல்லாமல் எத்தினை ஓடுது?"

"ரெண்டு. ஒண்டு சிமியோன்ரை, மற்றது கிறிஸ்ரோபர்டை."

அபிகாயில் கொப்பியை மெல்ல மூடி வைத்தாள். "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்கோ. இண்டைக்கு அந்த வெறும் வரியை எத்தினை தரம் அமத்தினனீங்கள்?"

மக்டலீன் அக்கா யோசித்தார். "ஒருக்கா. கிறிஸ்ரோபர் வரேக்கை." பிறகு அவருடைய கை தானாக நெஞ்சில் சிலுவை போட்டது. "மாதாவே, சிமியோனை நான் காணேல்லை."

அபிகாயில் என்னை அழைத்தபோது மணி பத்து இருபது. "பிறேம் அண்ணை, இஞ்சை சிமியோன் எண்டு ஒரு சம்மாட்டி. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுமோவோ? என்ரை சொந்த அண்ணை. ஏன், சாப்பிட வரச்சொல்லிக் கேட்டவரோ?" என்று சிரித்தேன்.

அவள் சொன்னாள்: "அவர் திரும்பி வரேல்லை. ரெண்டு வள்ளம் பேர் இல்லாமல் பதிஞ்சிருக்கினம். பட்டியலிலை ஒரு வெறும் வரிதான் வந்தது. கிறிஸ்ரோபர் வரேக்கை அக்கா அதை அமத்தீட்டா."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. என் நூற்றிருபது வரியில் எந்த வரி அண்ணையைத் தூக்கிப் போட்டது என்று கண்ணுக்குள் தெரிந்தது. றோல்ஸ் தட்டு கையிலிருந்து எங்கே போனது என்று தெரியாது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் கரைக்குப் போய்ச் சேர முதலே கிறிஸ்ரோபரும் இன்னும் இரண்டு வள்ளக்காரரும் புறப்பட்டுவிட்டார்கள். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்தபடியால், இயந்திரம் நின்ற வள்ளம் தனங்கிளப்புப் பக்கமாகத்தான் இழுபட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் போனார்கள்.

கரையில் நானும் அபிகாயிலும் நின்றோம். அண்ணி சற்றுத் தள்ளி, மக்டலீன் அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. அபிகாயில் 'நான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடியே, "வெள்ளிக்கிழமை வரைக்கும் இது ஏன் தெரியேல்லை?" என்று தனக்குள் கேட்டாள். கொஞ்சம் கழித்து அவளே பதிலும் சொன்னாள்: "எல்லாரும் வந்தபடியால்."

பதினொன்றரைக்கு அண்ணையைக் கண்டுபிடித்தார்கள். வலையிலிருந்து கழற்றும்போது திருக்கை காலில் குத்தியிருக்கிறது. வேதனையில் விழுந்து, கைபேசி தண்ணீருக்குள் போய், இயந்திரக் கயிற்றை இழுக்கப் பலமில்லாமல் வள்ளத்தின் அடியில் கிடந்திருக்கிறார். கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. இன்னும் அரை நாள் கிடந்திருந்தால் காலைக் காப்பாற்ற முடியாமல் போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் போய் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் அபிகாயில் அண்ணையைப் பார்க்க வந்தாள். கையில் தோடம்பழப் பை. அண்ணைக்கு எல்லாம் சொல்லியிருந்தோம்.

"பிள்ளை, நீர்தானே என்னைக் காணேல்லை எண்டு கண்டுபிடிச்சது?"

"இல்லை அண்ணை, நான் வேறை ஒண்டைத் தேடித்தான் வந்தனான்," என்றாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. கட்டில் ஓரத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "பத்து மணிக்கு உங்களுக்கு நினைவு இருந்ததோ? அப்ப என்ன நினைச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "பத்து மணியாகுது, இனித் தேடி வருவினம் எண்டு நினைச்சன். மக்டலீன்ரை கொப்பி ஒருநாளும் ஆளை விடாது. அந்த நம்பிக்கையிலை அசையாமல் கிடந்தன்."

அவர் என்னைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. அவருக்கு என்னில் கோபமும் இல்லை. ஆனால் எனக்கு அது திருக்கை முள்ளைவிட ஆழமாகப் போனது.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது பதியும் ஒவ்வொரு வள்ளத்துக்கும் நிரலே ஒரு தனி எண் கொடுக்கிறது. பெயர் வெறுமையாகவும் இருக்கலாம், பத்து வள்ளத்துக்கு ஒரே பெயரும் இருக்கலாம், ஒன்றும் ஒன்றின் மேல் விழாது. என் பார்சரைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லோரும் பாவிப்பதையே போட்டேன். மக்டலீன் அக்காவிடம் கொப்பியையும் திரும்பத் திறந்து வைக்கச் சொன்னேன். "அதை நான் மூடவேயில்லை, தம்பி. உம்மடை மனம் நோகக்கூடாதெண்டு மேசைக்குக் கீழை வைச்சனான்," என்றார். சனிக்கிழமை மட்டும் அதில் எழுதவில்லையாம்.

அபிகாயில் மீண்டும் பேழையை ஓட்டிப் பார்த்தாள். எட்டுப் பேர் ஏறினார்கள். எட்டுப் பேர் இறங்கினார்கள். அவள் கொஞ்சம் ஏமாந்த மாதிரித்தான் இருந்தாள்.

பிழைப் படிவத்தை நான் திரும்பத் திறந்தேன். எங்கள் முறையில் ஒருமுறை எழுதிய காரணத்தை அழிக்க முடியாது. 'பேழை இப்போது ஓடுவதில்லை' என்பது என் பெயரோடும் திகதியோடும் அங்கேயே கிடந்தது. இனியும் கிடக்கும். அதன் மேலே, இதுவரை யாருக்கு நடந்தது என்ற பெட்டி, அவள் விட்டபடியே வெறுமையாக இருந்தது. அதில் எழுதினேன்: 'என் அண்ணை சிமியோனுக்கு. வள்ளத்தின் பெயர்:'

அபிகாயில் பின்னால் நின்று வாசித்தாள். "வள்ளத்தின்ரை பேர் போடேல்லையோ, பிறேம் அண்ணை?"

"அந்தோனியார் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் கிடக்கு. மந்திரிச்ச பிறகு போடுறன்," என்றேன்.

"ஓம்," என்றாள். அந்த இடத்தை அப்படியே விட்டுப் படிவத்தைச் சேமித்தேன்.